செப்டம்பரில் தொடங்கும் கோடை: அமெரிக்கக் கோடை நாடகங்களுக்கு ஆடிஷன் கொடுக்க முழுமையான வழிகாட்டி

என் முதல் ஆடிஷனில் "டைம்" என்று மேஜைப் பக்கமிருந்து குரல் வந்தபோது, என் பாத்திரத்தின் அக்கா ஏன் ஊரைவிட்டுப் போனாள் என்று நான் இன்னும் விளக்கிக்கொண்டிருந்தேன். நான் ஆறு வாரம் ஒத்திகை பார்த்த அழுகை அதற்கு இரண்டு வரி தள்ளி இருந்தது. மார்ச் மாதம், ஒரு ஹோட்டலில் கல்யாண மண்டபம் போன்ற கூடம், எதிரே வரிசை வரிசையாக நாடகக் குழுக்காரர்கள், என் மார்பில் ஊக்கு குத்திய எண் அட்டை. "தேங்க் யூ" என்று சொல்லி இறங்கிவிட்டேன். அன்று மாலை சுவரில் ஒட்டிய பட்டியல்களில் என் எண் எங்கேயும் இல்லை.

அதற்குப் பிறகு நான்கு வருடம் விடாமல் போனேன். இரண்டு கோடைகள் வேலையும் கிடைத்தது. அதில் ஒரு குழுவுக்காக மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு எதிர்வசனம் படித்துக் கொடுத்தேன். நான் கற்றதில் முக்கால்வாசி அந்த மூன்று நாளில் கற்றதுதான். அமெரிக்காவில் படிக்கும், அல்லது அங்கேயே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளில் வசன நாடகத்தில் நடிக்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாட்டும் ஆட்டமும் உள்ள மியூசிக்கல் தனிக் கலை. அதற்கு இது உதவாது.

முதலில், எங்கே போவது

கோடை நாடகம் என்றால் அங்கே ஒரே பொருள் கிடையாது. குளிர்சாதனம் வராத காலத்தில் நகரத்து அரங்குகள் வெயிலுக்குப் பயந்து மூடிவிடும். நடிகர்கள் கடற்கரைக்கும் மலைக்கும் போய் களஞ்சியத்திலும் பழைய தேவாலயத்திலும் மேடை போட்டார்கள். மாசசூசெட்ஸின் டென்னிஸ் என்ற ஊரில் 1927இல் தொடங்கிய கேப் பிளேஹவுஸ் இன்றும் இருக்கிறது. ஹாலிவுட் நடிகை பெட்டி டேவிஸ் அங்கே முதலில் பார்வையாளர்களை இருக்கையில் உட்காரவைக்கும் வேலைதான் பார்த்தார். வர்ஜீனியாவின் அபிங்டனில் 1933இல் பொருளாதார மந்தத்துக்கு நடுவே தொடங்கிய பார்ட்டர் தியேட்டரில் அப்போது நுழைவுச் சீட்டு 40 சென்ட். காசில்லாதவர்கள் அந்த விலைக்குக் காய்கறியோ பன்றி இறைச்சியோ கொடுத்து உள்ளே வர முடிந்தது. ஹாலிவுட் நடிகர் கிரகரி பெக் அந்த மேடையில் நடித்தவர். ஒரே குழு, ஒரே படுதா, ஒரே துணிப்பெட்டியை வைத்துக்கொண்டு அடுத்தடுத்து நாடகம் போடும் இந்த முறைக்கு 'சம்மர் ஸ்டாக்' என்று பெயர் வந்தது.

இன்று சம்மர் ஸ்டாக் அரங்குகளில் பெரும்பாலும் மியூசிக்கல்தான். வசன நாடகக்காரர்கள் பார்க்கவேண்டிய வாசல்கள் வேறு. முதலாவது, ஷேக்ஸ்பியர் விழாக்கள்: ஓரிகானின் ஆஷ்லண்டில் 1935 முதல், கொலராடோவின் போல்டரில் 1958 முதல், யூட்டாவின் சீடர் சிட்டியில் 1962 முதல், இன்னும் பல மாநிலங்களில் சிறியதும் பெரியதுமாக. எல்லை தாண்டினால் கனடாவின் ஸ்ட்ராட்ஃபோர்டு, 1953 முதல். இரண்டாவது, திறந்தவெளி வரலாற்று நாடகங்கள். வட கரோலினாவின் ரோனோக் தீவில் 'தி லாஸ்ட் காலனி' 1937இலிருந்து அதே கடலோர மேடையில் நடக்கிறது. இவற்றுக்கு ஆள்பலம் நிறைய வேண்டும், அதனால் அனுபவம் குறைந்தவர்களுக்கும் இடம் உண்டு. மூன்றாவது, மாசசூசெட்ஸ் மலைப்பகுதியில் உள்ள வில்லியம்ஸ்டவுன் மாதிரியான இடங்கள். பெயர்பெற்ற நடிகர்கள் கோடையில் வந்து போகும் மேடை அது. புதியவர்களுக்குப் பெரிய வேடம் எளிதில் கிடைக்காது.

முதல் வருடம் மூன்றாவதைக் குறிவைக்காதீர்கள். நான் வைத்தேன்.

அவர்கள் ஆள் எடுக்கும் கணக்கு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நாம் ஒரு வேடத்துக்குப் போட்டி போடுவதாக நினைத்துக்கொண்டு போகிறோம். அங்கே அவர்கள் ஒரு வேடத்துக்கு ஆள் தேடுவதில்லை. கோடை விழாக்களில் பல ரெப்பர்டரி முறையில் நடப்பவை. இரண்டு மூன்று நாடகங்கள் மாறி மாறி ஓடும். மதியம் ஒரு நாடகம், ராத்திரி அதே மேடையில் இன்னொன்று. நடிகர்கள் அதே ஆட்கள். அதனால் ஒவ்வொரு நடிகருக்கும் ஒரு 'ட்ராக்' போடுவார்கள். ரோமியோ-ஜூலியட்டில் பென்வோலியோ, 'ட்வெல்ஃப்த் நைட்'டில் செபாஸ்டியன், மூன்றாவது நாடகத்தில் கடிதம் கொண்டுவரும் வேலைக்காரன்: இந்த மூன்றும் சேர்ந்து ஒரு ட்ராக். மூன்றுக்கும் பொருந்துகிற ஒரு உடம்பு, ஒரு குரல், வாள் பிடிக்கத் தெரிந்த ஒரு கை வேண்டும். அந்த வருடம் செபாஸ்டியனின் இரட்டைப்பிறவி வயோலாவாக வரப்போகிற பெண்ணின் உயரத்துக்கும் அவன் பொருந்தவேண்டும். இதையெல்லாம் நீங்கள் கட்டுப்படுத்த முடியாது.

மேஜைப் பக்கம் உட்கார்ந்தபோதுதான் இது எனக்குப் புரிந்தது. பிரமாதமாக நடித்த ஒரு பையன் வெளியே போனதும் இயக்குநர், "அருமை. ஆனால் இவனை இரண்டாவது நாடகத்தில் எங்கே வைப்பது?" என்றார். அடுத்து சுமாராகச் செய்த ஒருத்தி மூன்றிலும் பொருந்தினாள். அவளுக்குத்தான் வேலை.

ஆகவே போவதற்கு முன் அந்தக் குழு அறிவித்திருக்கும் நாடகங்களை முழுசாகப் படியுங்கள். ஒவ்வொன்றிலும் உங்களுக்கு எந்த வேடம் ஒத்துவரும் என்று நீங்களே ஒரு ட்ராக் போட்டுப் பாருங்கள். தலைவேடங்களை விட்டுவிட்டுப் போடுங்கள். அவை பெரும்பாலும் சென்ற வருடமே பேசி முடித்தவையாக இருக்கும்.

நாட்காட்டி

பருவம் மே கடைசியில் ஒத்திகையோடு சூடுபிடித்து ஆகஸ்ட், செப்டம்பர் வரை ஓடும். ஆனால் ஆள் எடுப்பு குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். பெரிய ஷேக்ஸ்பியர் விழாக்கள் முந்தைய இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிடுகின்றன. பல குழுக்கள் ஒரே இடத்தில் கூடி ஆள் எடுக்கும் கூட்டு ஆடிஷன்கள் பிப்ரவரி, மார்ச்சில் நடக்கும். மெம்ஃபிஸ் நகரத்தில் நடக்கும் 'உப்டா' (UPTA), தென்கிழக்கு மாநிலங்களில் ஊர் மாற்றி ஊர் நடக்கும் 'எஸ்.இ.டி.சி.' (சவுத்ஈஸ்டர்ன் தியேட்டர் கான்ஃபரன்ஸ்), வடகிழக்கில் நியூ இங்கிலண்ட் தியேட்டர் கான்ஃபரன்ஸ் ஆகியவை தெரிந்த பெயர்கள். நான் போன காலத்தில் எஸ்.இ.டி.சி.க்கு மாணவர்கள் நேராகப் போய் நிற்க முடியாது. முதலில் மாநில அளவில் ஒரு வடிகட்டல் இருந்தது, அது இலையுதிர் காலத்திலேயே முடிந்துவிடும். ஜனவரியில் முழித்துக்கொண்டு விண்ணப்பம் தேடினால் கதவு மூடியிருக்கும். அதனால்தான் செப்டம்பர் என்கிறேன்.

பதிவுக் கட்டணம், பேருந்து, ஹோட்டல் எல்லாம் உங்கள் செலவு. நான்கு பேர் சேர்ந்து ஒரு அறை எடுப்பது வழக்கம். விதிகளும் நேர அளவும் வருடத்துக்கு வருடம் மாறலாம், சில ஆடிஷன்கள் வீடியோவுக்கும் மாறிவிட்டன. அந்த வருடத்து அறிவிப்பை வைத்துத்தான் தயாராக வேண்டும், மூத்த மாணவர் சொன்னதை வைத்து அல்ல.

வசனத்துக்கு முன்னால் விசா

நம் பிள்ளைகளில் பலர் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கிறார்கள். நாடகத்துறைப் பேராசிரியருக்கு இது நினைவில் இருக்காது, நீங்கள்தான் நினைவில் வைக்கவேண்டும். வளாகத்துக்கு வெளியே சம்பளத்துக்கு நடிப்பது வேலைதான். அதற்கு சி.பி.டி. அல்லது ஓ.பி.டி. என்ற, படிப்பு சார்ந்த பயிற்சி வேலைக்கான அனுமதி வேண்டும். சி.பி.டி. என்றால் அந்த வேலை உங்கள் பாடத்திட்டத்தோடு இணைந்திருக்க வேண்டும், பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முடித்திருக்க வேண்டும், பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் அனுமதி ஏறிய பிறகே முதல் நாள் வேலைக்குப் போகலாம். பொறியியல் படிக்கிற ஒருவர் நாடகத்துக்கு சி.பி.டி. கேட்டால் கிடைப்பது கஷ்டம். "சம்பளமே இல்லாத இன்டர்ன்ஷிப்தானே" என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் இருப்பவர்கள் இ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை இல்லாமல் வேலை பார்க்கக் கூடாது.

ஒரு நல்ல வழி: சில கோடை விழாக்களைப் பல்கலைக்கழகங்களே நடத்துகின்றன. போல்டரில் நடப்பது கொலராடோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. நீங்கள் படிக்கும் இடத்திலேயே இப்படி ஒன்று இருந்தால் அது வளாக வேலைக் கணக்கில் வரக்கூடும். கேட்டுப் பாருங்கள்.

அந்த ஒரு நிமிடத்துக்கு எந்த வசனம்

கூட்டு ஆடிஷன்களில் பாட்டும் வசனமும் சேர்த்துக் கொடுப்பவருக்கு 90 விநாடி, வசனம் மட்டும் என்றால் 60 விநாடி என்பது பழகிய கணக்கு. ஷேக்ஸ்பியர் விழாக்கள் தனியாக நடத்தும்போது இரண்டு வசனம் கேட்பார்கள். ஒன்று செய்யுள் நடை, இன்னொன்று இக்காலத்தது.

அறுபது விநாடி என்றால் உரைநடையில் ஏறக்குறைய 130 வார்த்தை. ஷேக்ஸ்பியர் செய்யுளில் 16, 17 வரி. அதையும் வீட்டில் 50 விநாடிக்குள் முடியும்படி வெட்டிவிடுங்கள். மேடையில் பதற்றத்தில் வேகம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல நடிகர்களுக்கு நிறுத்தம்தான் கூடும். வெட்டும்போது முன்கதையை வெட்டுங்கள். யார், எந்த ஊர், அப்பா எப்போது செத்தார் என்பதெல்லாம் கேட்கிறவர்களுக்கு வேண்டாம். நான் என் அக்கா கதையில் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

நடந்துமுடிந்த ஒன்றை நினைத்துச் சொல்லும் வசனத்தைத் தவிர்த்துவிடுங்கள். எவ்வளவு சோகமாக இருந்தாலும் அது செய்தி வாசிப்பு மாதிரி ஆகிவிடும். எதிரே ஒரு ஆள் நிற்கவேண்டும். அவரிடமிருந்து இந்த நிமிடமே உங்களுக்கு ஒன்று வேண்டும்: மன்னிப்பு, கையெழுத்து, வீட்டுச் சாவி, ஏதோ ஒன்று. அவர் தர மறுக்கிறார். கடைசி வரிக்குள் உங்கள் உத்தி ஒரு தடவையாவது மாறவேண்டும். அதட்டலில் தொடங்கி கெஞ்சலில் முடியட்டும், அல்லது சிரிப்பில் தொடங்கி மிரட்டலில் முடியட்டும். ட்ராக் போடுகிறவர்களுக்கு இந்த மாற்றம்தான் உங்களை இரண்டு வேடத்தில் காட்டும்.

சினிமா வசனம் வேண்டாம். இணையத்தில் தனியாகக் கிடைக்கும், நாடகமே இல்லாத மோனோலாக்கும் (ஒருவரே பேசும் நீண்ட வசனம்) வேண்டாம். அச்சான நாடகத்திலிருந்து எடுங்கள், நாடகம் முழுவதையும் படித்திருங்கள். கால்பேக்கில், அதாவது பிடித்தவர்களை மறுபடி கூப்பிட்டுப் பார்க்கும் சுற்றில், "இதற்கு முந்தைய காட்சியில் என்ன நடந்தது?" என்று கேட்பார்கள். அடிக்கடி கேட்ட வசனம் கூடாது என்றும் சொல்வார்கள். மேஜையில் இருந்த மூன்று நாளில் 'கிங் லியர்' நாடகத்தின் எட்மண்டை எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கில்லை. ஆனால் அதில் ஒருவன் எங்களை எழுத்தை விட்டு நிமிரவைத்தான், அவனை எடுத்தோம். ஜூலியட்டின் மாடக் காட்சி, ஹாம்லெட்டின் 'இருப்பதா, இறப்பதா' வசனம் இரண்டை மட்டும் உண்மையாகவே விட்டுவிடுங்கள்.

எனக்குக் கடைசியில் கைகொடுத்தது ஷேக்ஸ்பியரின் 'எட்டாம் ஹென்றி'யில் இரண்டாம் அங்கத்தில் வரும் காதரின் ராணி. விவாகரத்துக் கேட்கும் கணவன் முன்னால், அவனுடைய நீதிமன்றத்தில், ஸ்பெயினில் பிறந்த ராணி மண்டியிட்டு நியாயம் கேட்கிறாள். நான் அந்நிய நாட்டுக்காரி, இங்கே எனக்கு நடுநிலையான நீதிபதி கிடையாது என்கிறாள். என் உச்சரிப்பை மறைக்கத் தேவையில்லாத வசனம். அதைச் செய்த அன்றுதான் நான் உச்சரிப்பைப் பற்றி நினைக்காமல் அந்தக் கணவனைப் பற்றி நினைத்தேன். இதைப் படித்துவிட்டு எல்லோரும் காதரினையே எடுக்கவேண்டாம். உங்கள் குரல் எந்தப் பாத்திரத்தின் நிலைமைக்கு இயல்பாக உதவும் என்று தேடுங்கள். அதே சமயம் அந்நியன், அகதி, டாக்டர் என்று அவர்கள் நம்மைத் தள்ளிவைக்கும் மூலையில் நாமாகப் போய் உட்காரவும் கூடாது. இரண்டாவது வசனத்தை அதற்காகவே நேர்மாறாக, குறும்பாக வையுங்கள்.

நாக்கும் காதும்

நம்மவர்களுக்கென்று தனியாகச் சொல்லவேண்டிய பகுதி இது. அமெரிக்க ஆசிரியர்கள் சொல்லித்தர மாட்டார்கள், அவர்களுக்கு இது பிரச்சினையாகவே தெரியாது.

ஷேக்ஸ்பியரின் செய்யுள் வரியில் பத்து அசை, ஐந்து தட்டு. நமக்கு அசை பிரிப்பது பள்ளிக்கூடத்திலேயே பழக்கம். ஆனால் நம் நேரும் நிரையும் குறில் நெடில் கணக்கு. ஆங்கிலத்தில் கணக்கு அழுத்தத்தில் இருக்கிறது. தமிழில் வளர்ந்த நாக்கு எல்லா அசைக்கும் ஏறக்குறையச் சம பாரம் கொடுக்கும். பேச்சில் அது தெரியாது, செய்யுளில் வரி தட்டையாகிவிடும். நான் செய்த பயிற்சி இது: வரியைச் சொல்லிக்கொண்டே நடப்பது, அழுத்தம் விழும் அசைக்கு மட்டும் காலை ஓங்கி வைப்பது. மாடியில் இருந்த எனக்குக் கீழ்வீட்டுக்காரரின் புகார் வந்தது. இரண்டு வாரத்தில் காது பிடித்துவிட்டது. பிறகு அந்த ஓங்கலை மறந்துவிட்டுச் சாதாரணமாகப் பேசவேண்டும். தாளம் போட்டு ஒப்பித்தால் அது வாய்ப்பாடு.

அடுத்தது காற்று. ஆங்கிலத்தில் சொல்லின் முதலில் வரும் ப, ட, க ஒலிகளோடு ஒரு சிறு மூச்சு சேர்ந்து வெளியே போகும். நம் உச்சரிப்பில் அந்த மூச்சு இல்லை. எதிரே நிற்பவருக்குப் புரியும், ஆனால் நாற்பது வரிசை தள்ளி, காற்றடிக்கும் திறந்தவெளியில் உட்கார்ந்திருக்கும் அமெரிக்கக் காதுக்கு நாம் சொல்லும் 'pin' என்ற சொல் 'B' ஒலியோடு தொடங்குவதாகக் கேட்கும். உதட்டுக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துச் சொல்லிப் பாருங்கள். காகிதம் ஆடவேண்டும். கூடவே 'V'-க்குப் பல் உதட்டைத் தொடவேண்டும், 'W'-வுக்கு உதடு குவியவேண்டும். நமக்கு இரண்டும் ஒரே 'வ'. இந்த மூன்றையும் சரிசெய்தால் போதும், அமெரிக்க உச்சரிப்பைப் போலி செய்யவேண்டியதில்லை. போலி உச்சரிப்பு ஐந்தாவது வரியில் கழன்று விழும்.

குரலைத் தூக்கி எறிவதில் நமக்கு ஒரு சாதகம் உண்டு. திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் கூத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு, திறந்தவெளியில் மைக் இல்லாமல் கடைசி ஆள்வரை போகும் குரல் எப்படியிருக்கும் என்று யாரும் விளக்கவேண்டாம். கட்டியங்காரன் கத்துவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? சொல்லை முடித்துவிட்டுத்தான் அடுத்த சொல்லுக்குப் போவார்.

படமும் ரெஸ்யூமேயும்

ஹெட்ஷாட் 8க்கு 10 அங்குலம். தோளுக்கு மேல், கண் தெளிவாக, நீங்கள் அறைக்குள் நுழையும்போது இருக்கும் அதே முகம். கல்யாண ஆல்பம் மாதிரி முகத்தை வெளுக்கவைத்த படம் வேண்டாம். தாடி எடுத்துவிட்டால் படத்தையும் மாற்றுங்கள்.

ரெஸ்யூமே ஒரே பக்கம். படத்தின் அளவுக்கே வெட்டிப் பின்பக்கம் ஸ்டேப்ளர் அடியுங்கள். மூன்று நெடுவரிசை: நாடகம், வேடம், குழு அல்லது இயக்குநர். வயது எழுதவேண்டாம். சென்னையிலோ மதுரையிலோ செய்த நாடகம் இருந்தால் அதை வெட்கப்படாமல் எழுதுங்கள், எந்த மொழி என்பதையும் சேர்த்து. பொய் மட்டும் வேண்டாம். அமெரிக்க நாடக உலகம் ஒரு சின்ன ஊர், எல்லோரும் எல்லோரோடும் ஒரு கோடையாவது வேலை பார்த்திருக்கிறார்கள்.

கடைசியில் வரும் 'ஸ்பெஷல் ஸ்கில்ஸ்' வரியைத்தான் அவர்கள் முதலில் பார்க்கிறார்கள் என்பது என் சந்தேகம். அதே ட்ராக் கணக்குதான். வாத்தியம் வாசிப்பீர்களா, கார் ஓட்டுவீர்களா, தையல் தெரியுமா? கேட்டால் அந்த நிமிடமே செய்துகாட்ட முடிவதை மட்டும் எழுதுங்கள். நான் 'சிலம்பம்' என்று எழுதியிருந்தேன். கால்பேக் அறையில் ஒருவர் மூலையிலிருந்த மாப் கட்டையை எடுத்து நீட்டினார். விளக்கு உடையாமல் நான்கு சுற்று சுற்றிக் காட்டினேன். வேலை கிடைத்ததற்கு காதரின் காரணமா மாப் கட்டை காரணமா என்று இன்றுவரை தெரியாது. (மேடைச் சண்டை என்பது அடிக்காமல் அடிப்பது. சிலம்பம் தெரிந்தால் அது தெரிந்ததாகிவிடாது, தனியாகக் கற்கவேண்டும்.)

ஆடிஷன் நாள்

பத்து இருபது பேராக வரிசையில் உட்காரவைப்பார்கள். முன்னால் இருப்பவரின் நடிப்பைக் கேட்டு உங்களுடையதை மாற்றாதீர்கள். உங்களுக்கு முன் ஒருத்தி அதே வசனத்தைச் செய்தாலும் மாற்றாதீர்கள்.

மேடை நடுவுக்குப் போய் நில்லுங்கள். எண், பெயர். நம் பெயர்கள் நீளம். அதனாலேயே நாம் அவற்றை வெட்கத்தோடு விழுங்கிவிடுகிறோம். மெதுவாக, இரண்டாகப் பிரித்து, இது கேட்கத் தகுந்த பெயர் என்ற தொனியில் சொல்லுங்கள். பெயரைச் சொல்லும் அந்த மூன்று விநாடி நடிப்பில்லாத நீங்கள். பன்னிரண்டு வாரம் இந்த ஆளோடு ஒரே வீட்டில் இருக்கலாமா என்று அவர்கள் பார்க்கும் இடம் அதுதான்.

பிறகு ஒரு மூச்சு. கடிகாரம் பெரும்பாலும் உங்கள் முதல் வார்த்தையில்தான் ஓடத் தொடங்கும். எதிராளியை அவர்களின் தலைக்குச் சற்று மேலே, சுவரில் ஒரு இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். மேஜையில் இருப்பவரின் கண்ணைப் பார்த்து நடிக்கவேண்டாம். அவர் எழுதவும் வேண்டும், சாண்ட்விச் சாப்பிடவும் வேண்டும், உங்கள் கணவராகவும் நடிக்க முடியாது. நாற்காலி ஒன்று இருக்கும், வேறு பொருள் எதுவும் கொண்டுபோகாதீர்கள். வரி மறந்தால் முகம் சுளிக்காதீர்கள், "சாரி" வேண்டாம். எதிராளி மேல் பார்வையை வைத்தபடி இருந்தால் வரி தானாக வரும், வராவிட்டால் அடுத்த வரிக்குத் தாவுங்கள். எங்களுக்குத் தெரியவே தெரியாது. "டைம்" என்று கேட்டால் பாதி வார்த்தையிலும் நிறுத்திவிடுங்கள். முடித்ததும் ஒரு கணம் அங்கேயே இருந்துவிட்டு, நன்றி சொல்லி, அவசரமில்லாமல் நடந்துபோங்கள்.

வசதியான, சத்தம் போடாத செருப்பு. புடவையா பேண்டா என்று கேட்கிறவர்களுக்கு: மண்டியிட்டு எழ முடிகிற எதுவும் சரி.

கால்பேக்

பட்டியலில் உங்கள் எண் இருந்தால் அந்த ராத்திரியே ஹோட்டலின் அறை அறையாகப் போகவேண்டும். கட்டிலை ஓரம் தள்ளிவிட்டு மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். பெற்றோர் மனதில் இது வேறு மாதிரி ஓடும். கதவு திறந்திருக்கிறதா, ஒருவருக்கு மேல் இருக்கிறார்களா என்று பாருங்கள். சங்கடமாக இருந்தால் திரும்பிவந்து அமைப்பாளர்களிடம் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

'சைட்ஸ்' என்று இரண்டு பக்கக் காட்சியைக் கையில் கொடுப்பார்கள். படித்துப் பார்க்க ஐந்து நிமிடம். மனப்பாடம் செய்ய முயலாதீர்கள். ஒவ்வொரு வசனத்தின் கடைசிச் சில வார்த்தைகளையாவது எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். அவர் பேசும்போது காகிதத்தைப் பார்க்காமல் கேளுங்கள். எதிர்வசனம் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், என்னைக் கேட்டவர்கள் மொத்தத்தில் ஐந்தாறு பேர்தான். அவர்கள் பெயர் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஒருமுறை செய்ததும் இயக்குநர், "அதையே சிரித்துக்கொண்டே செய், அவன்மேல் உனக்குக் கோபமே இல்லை" என்று தலைகீழாக ஒன்று சொல்வார். நீங்கள் முதலில் செய்தது தப்பு என்று அர்த்தமில்லை. ஐந்து வாரத்தில் மூன்று நாடகம் ஏற்றவேண்டியவர், சொன்னதைப் பிடித்துக்கொள்ளும் ஆளா என்று பார்க்கிறார். விவாதிக்காமல், முழுசாக மாற்றிச் செய்யுங்கள். மாற்றம் சின்னதாக இருந்தால் மாற்றமே இல்லை என்று எழுதிக்கொள்வார்.

வீடியோவில் அனுப்பச் சொன்னால் கதை சுருக்கம்: போனைப் படுக்கைவசமாக வையுங்கள், பின்னால் வெறும் சுவர், மார்புவரை சட்டகம், வெளிச்சம் முகத்துக்கு எதிரே, எதிர்வசனம் படிப்பவர் கேமராவுக்குப் பக்கத்தில், அவர் குரல் உங்களுடையதைவிடத் தாழ்வாக. மூன்றாவது முறை எடுத்ததை அனுப்புங்கள். முப்பதாவது முறையில் உயிர் இருக்காது.

கையெழுத்துக்கு முன்

மின்னஞ்சலில் வேலை வந்ததும் அம்மாவுக்குப் போன் செய்வதற்கு முன் சில கேள்விகள். ட்ராக்கில் என்னென்ன வேடம்? ஒப்பந்தத்தில் 'ஆஸ் காஸ்ட்' என்று மட்டும் இருந்தால், எந்த வேடம் கொடுத்தாலும் செய்வேன் என்று எழுதிக்கொடுப்பதாகப் பொருள். யாருக்காவது அண்டர்ஸ்டடியா, அதாவது அவர் வர முடியாத நாளில் அவர் வேடத்தைச் செய்யவேண்டிய மாற்று ஆளா? வாரச் சம்பளம் எவ்வளவு, ஒத்திகை வாரங்களுக்கும் உண்டா? தங்குமிடம் கொடுக்கிறார்களா, அறைக்கு எத்தனை பேர்? போகவரச் செலவு யாருடையது? நடிப்பைத் தவிர வேறென்ன வேலை: படுதா மாற்றுவதா, டிக்கெட் கிழிப்பதா, ஆணி அடிப்பதா? அது கேவலமில்லை, ஆனால் எத்தனை மணிநேரம் என்று தெரியவேண்டும். நடிகர் சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டி 1913 முதல் இருக்கிறது. அதன் ஒப்பந்தம் உள்ள குழுக்களில் இதற்கெல்லாம் விதி உண்டு, மற்ற இடங்களில் கேட்டால்தான் உண்டு.

நீங்கள் பணம் கட்டவேண்டும் என்று சொல்லும் 'அப்ரென்டிஸ்' இடங்களும் உண்டு. அது வேலையல்ல, வகுப்பு. வகுப்பு என்று நினைத்து அந்தப் பணத்துக்குத் தகுந்ததா என்று முடிவுசெய்யுங்கள். எனக்கு அப்படி ஒரு இடம் வந்தபோது மறுத்தேன். என்னோடு படித்தவள் போனாள், அவளுக்கு நல்ல ஆசிரியர் கிடைத்தார். ஆகவே இதில் என் வார்த்தையை வேதமாக எடுக்கவேண்டாம்.

ஊரைப் பற்றியும் கேளுங்கள். இந்த விழாக்கள் பலவும் பேருந்து ஓடாத சிற்றூர்களில் நடக்கின்றன. மளிகைக்கடைக்கு யாராவது காரில் கூட்டிப்போகவேண்டும். கொசு, மழை, நடுவில் நின்றுபோகும் ஆட்டம் எல்லாம் உண்டு. சாம்பார்ப் பொடியைக் கிளம்பும்போதே எடுத்துக்கொள்ளுங்கள்.

கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலும் பதிலே வராது. ஏப்ரல் நடுவில் மௌனம்தான் பதில் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் போனை அணைத்துவிடாதீர்கள். மே மாதத்தில் யாருக்காவது வேறு வேலை கிடைத்து, கால் உடைந்து, ஒரு ட்ராக் காலியாகும். என் முதல் கோடை அப்படித்தான் வந்தது: மே 19, கடிதம் கொண்டுவரும் வேலைக்காரி, ஒரு சூனியக்காரி, ஒரு அண்டர்ஸ்டடி, மூன்று நாடகம். ஒன்பது நாளில் ஒத்திகை. விமானத்தில் போகும்போதே மூன்று பிரதியிலும் என் வரிகளுக்கு மஞ்சள் பூசிக்கொண்டு போனேன், முதல் நாள் கையில் காகிதம் இல்லாமல் நிற்கவேண்டும் என்பதற்காக.